நின்றபடியே எண்பது கிலோமீட்டர்

“அணைச்சிராதல!” என்று சொள்ளமுத்துவும் மூக்காண்டியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கொம்பையா சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“அணைக்கலடே. சாவி சூடா இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன்.”

“இருக்கா?”

“லேசா.”

நான்கு நாட்களாகக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கார் செங்கிணற்றில் தேங்காய் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்கு எதிரே இருந்த பொட்டலில், புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கே வந்து நின்றதோ அங்கேயே நின்றது. இன்று ஞாயிற்றுக்கிழமை.

கார் கொம்பையாவின் தாய்மாமா தங்கப்பழத்துடையது. பெட்ரோல் கார், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மஸ்கட்டுக்கு விமானம் ஏறும்போது அவர் ஓடிக்கொண்டிருந்த காரைக் கொம்பையாவிடம் ஒப்படைத்து, “பொண்ணு பார்க்கப் போகையில பஸ்ல போய் இறங்காத. இதுல போ” என்றார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, “சும்மா சும்மா ஸ்டார்ட் பண்ணாத. ஸ்டார்ட் பண்ணும்போதுதான் என்ஜின் தேயும். நான் பங்குனியில வந்து பார்க்கும்போது, இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்” என்றும் சொன்னார்.

செங்கிணற்றுக்காரர்கள் பெரியவர்கள் சொல்லை மீறுகிறவர்கள் அல்ல. விமான நிலையத்து வாசலிலேயே மூவரும் கூடிப் பேசினார்கள்.

“இப்ப என்ஜின் எப்படி இருக்கு?” என்று கேட்டான் சொள்ளமுத்து.

“ஓடிக்கிட்டிருக்கு” என்றான் கொம்பையா.

“அப்ப பங்குனியிலயும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கணும்.”

சொள்ளமுத்து எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். மற்றவர்களைவிட ஒரு வருடம் அதிகமாகப் படித்தவன் என்பதால் மூவரில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மூவரும் கிட்டங்கியில் தேங்காய் உரிக்கிற வேலை பார்த்தார்கள். புதன்கிழமையிலிருந்து முறை போட்டு, இரண்டு பேர் தேங்காய் உரிக்க, ஒருவர் காருக்குப் பக்கத்தில் நின்று, பெட்ரோல் குறையக் குறைய ஊற்றி, அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொம்பையாவுக்கு முப்பத்து நான்கு வயது. இதுவரை ஏழு இடத்தில் பெண் பார்த்துவிட்டான். முதல் வீட்டில், “காபி குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்கள். காபியைக் குடித்தான், எழுந்து போய்விட்டான். இன்னொரு வீட்டில், “பொண்ணை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றார்கள். நன்றாகப் பார்த்துவிட்டு, “பார்த்துட்டேன்” என்று சொன்னான். மற்ற ஐந்தும் ஏறக்குறைய இதே மாதிரிதான். இது எட்டாவது இடம். கோவில்பட்டியில், எண்பது கிலோமீட்டர் தள்ளி. தரகர் குத்தாலிங்கம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்:

“ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பிறந்திரும். அதுக்கு முன்னால பொண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். ஊருக்குள்ள வந்ததும் போஸ்ட் ஆபீஸ் இருக்கும், அதுக்கு அடுத்த வீடு, நீலக் கதவு. இதுவும் தட்டிப்போச்சுன்னா உன் ஜாதகத்தை உன் கையிலயே கொடுத்திருவேன். அப்புறம் உன் பாடு.”

அதனால் கொம்பையாவுக்கு இரண்டு கவலைகள். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். என்ஜின் தேயக் கூடாது. மூன்றாவதாக ஒன்றும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. செங்கிணற்று போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் பிரம்மசக்தியிடம் தினமும் ஒரு கார்டு வாங்குவான். எழுதுவதற்கு அவனுக்கு ஆள் யாரும் இல்லை. வீட்டில் ட்ரங்குப் பெட்டி நிறைய வெற்றுக் கார்டுகள் இருந்தன. இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் பேசியது இரண்டே சொற்கள்: “ஒரு கார்டு.” விடுமுறை நாட்களில் அதுவும் இல்லை.

மணி ஒன்பதேகால் இருக்கும். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போன மெக்கானிக் சவரிமுத்து, சத்தத்தைக் கேட்டு நின்றார்.

“யாருக்குக் காத்திருக்கு வண்டி?”

“மாமாவுக்கு” என்றான் கொம்பையா.

“எப்ப வாறார்?”

“பங்குனியில.”

சவரிமுத்து வண்டியை விட்டு இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். ஒரு தடவை காரையும் ஒரு தடவை அவர்களையும் பார்த்தார்.

“ஏன் அண்ணாச்சி, இப்படி நின்னுக்கிட்டே ஓடினா என்ஜின் தேயுமா?” என்று பயத்தோடு கேட்டான் கொம்பையா.

“அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டின்னா தேயும். பெட்ரோல் அளவில்லாம இறங்கி, சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலை எல்லாம் கழுவி விட்டுரும். இப்ப வார வண்டியில உள்ள ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கு. வேணுங்கிறதை மட்டும் அளந்து விடும். சூடான என்ஜின் நின்னு ஓடினா பெருசா ஒண்ணும் தேஞ்சிராது.”

மூவரும் மூச்சு விட்டார்கள்.

“ஆனா ஆயில் கெடும்டே. மீட்டர் ஓடாது, உள்ள ஆயிலுக்கு வயசு ஏறிக்கிட்டே இருக்கும். நிக்கிற வண்டிதானேன்னு நினைக்கப்பிடாது. ஒரு மணி நேரம் நின்னு ஓடினா, நாப்பது கிலோமீட்டர் போனதா கணக்கு வச்சுக்கிடணும்.”

சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார். “இனி வேலை இருந்தா மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்லி மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பொட்டலில் காக்காய் கத்துவது நான்கு நாட்களுக்குப் பிறகு கேட்டது. மூவரும் அதை மரியாதையோடு கேட்டார்கள்.

“ஒரு மணிக்கு நாப்பது” என்றான் சொள்ளமுத்து மெதுவாக. குச்சி எடுத்து மண்ணில் கணக்குப் போட்டான். “நாலு நாள். தொண்ணூத்தாறு மணி நேரம். மூவாயிரத்து எண்ணூத்து நாப்பது கிலோமீட்டர் போயிருக்கு, வண்டி.”

“வண்டி இங்கதானடே நிக்கு?” என்றான் மூக்காண்டி.

“அப்ப திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். பாதி போயி, பாதி வந்திருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது போயிருக்கு. நாக்பூரை எல்லாம் தாண்டித்தான் இருக்கும்.”

மூக்காண்டிக்கு முகம் மாறியது. “வியாழக்கிழமை மத்தியானம் நான் பின்சீட்டுல படுத்துத் தூங்கினேனே. அப்ப நான் எங்க இருந்திருப்பேன்?”

“எத்தனை மணி?”

“மூணரை.”

குச்சி மண்ணில் நகர்ந்தது. “முப்பது மணி நேரம். ஆயிரத்து இருநூறு. ஹைதராபாத் பக்கம்.”

“அதான்!” என்றான் மூக்காண்டி. “முழிச்சப்ப ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டி என்னமோ கேட்டான். ஒரு எழுத்து புரியலை.”

கொம்பையா கடிகாரத்தைப் பார்த்தான். “மணி ஒன்பதரை ஆகப்போவுது. கோவில்பட்டிக்குக் கிளம்புவோம்.”

சொள்ளமுத்து கையை உயர்த்தி அவனை நிறுத்தினான். “கோவில்பட்டி எம்புட்டு தூரம்?”

“எண்பது.”

“ஓட்டிட்டுப் போனா எவ்வளவு நேரம்?”

“ரெண்டு மணி நேரம்.”

“நின்னுக்கிட்டே போனா?”

கொம்பையா யோசித்தான். “ரெண்டு மணி நேரம்.”

“ஓட்டினா டயர் தேயும். பிரேக் தேயும். மீட்டர் கூடும். மாமா வந்து கேட்டா என்ன சொல்லுவ? நின்னா மீட்டர் ஓடாது, என்ஜின் தேயாது, ஆனா போய்ச் சேர்ந்திரும். அண்ணாச்சியே சொல்லிட்டாரு.”

“அதுக்கு வழி தெரியணுமேடே.”

“உள்ள கம்ப்யூட்டர் எதுக்கு உட்கார்ந்திருக்கு?”

கொம்பையாவின் மனத்தில் எறும்பு மாதிரி ஒரு சந்தேகம் ஊர்ந்தது. எந்த மெக்கானிக்கும் இவ்வளவு தெளிவாகப் பேசி அவன் கேட்டதில்லை என்பதால் அதைத் தட்டிவிட்டான்.

சரியாக ஒன்பதரைக்கு ஸ்டார்ட் பண்ணினார்கள். வேலை இருந்ததால் அது தப்பில்லை. கொம்பையா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். சொள்ளமுத்து பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தான். மூக்காண்டி பின்னால், பழத்தட்டையும் பூவையும் மடியில் வைத்துக்கொண்டு. மூவரும் பெல்ட் போட்டுக்கொண்டார்கள்.

பயணம் நன்றாகவே இருந்தது. குலுக்கல் இல்லை. “ரோடு நல்லாப் போட்டிருக்கான்” என்றான் சொள்ளமுத்து. வளைவு வருகிற இடங்களை நினைவு வைத்து, கொம்பையா ஹாரன் அடித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினான். பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. கொம்பையா பிரேக்கை ஓங்கி மிதித்தான். மூக்காண்டி முன்சீட்டில் போய் மோதிக்கொண்டான்.

“பார்த்து ஓட்டக்கூடாதால! பழம் நசுங்கியிருக்கும்!”

“ஆடு நிக்குடே, நான் என்ன செய்ய?”

ஆடு நின்றபடி காரின் முன்பக்கத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இருபதாவது கிலோமீட்டரில் தரகர் குத்தாலிங்கம் போன் பண்ணினார். “கிளம்பியாச்சா?”

“கால்வாசி வந்தாச்சு” என்றான் கொம்பையா.

“மெதுவா வாங்க, மெதுவா வாங்க” என்றார் தரகர் சந்தோஷமாக.

முப்பதாவது கிலோமீட்டரில்தான் முதல் சிக்கல் வந்தது.

“இந்நேரம் ரயில்வே கேட் வந்திருக்கும்” என்றான் சொள்ளமுத்து. “பத்தேகாலுக்கு அதுல எப்பவும் ரயில் போவும். கேட்டை அடைச்சிருப்பான். வண்டியை நிப்பாட்டு.”

“எப்படி நிப்பாட்ட? நின்னுக்கிட்டுத்தான இருக்கு?”

“நின்னு ஓடிக்கிட்டிருக்கு. ஓடாம நிக்கணும்.”

“அதுக்கு அணைக்கணும். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்.” கொம்பையாவுக்குப் பல் கூசியது. “தேயும்.”

“அணைக்காம போனா ரயில் இருக்கு” என்றான் மூக்காண்டி பின்னாலிருந்து. அவன் பழத்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

சொள்ளமுத்து நெற்றியைத் தடவினான். நேரம் போய்க்கொண்டிருந்தது, அதாவது தூரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னான்: “ஏல மூக்காண்டி, குதிச்சு இறங்கி, முன் டயருக்கு ஒரு கல்லைக் கொடு.”

மூக்காண்டி கதவைத் திறந்து, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனைப்போலக் காலை முன்னால் வைத்துக் குதித்து, வேகத்தைக் குறைப்பதற்காக நாலைந்து எட்டு முன்னால் ஓடினான். பிறகு திரும்பி ஓடிவந்து கல்லைத் தேடி எடுத்து, விரல் நசுங்காமல் டயருக்கு அடியில் வைத்தான். என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. ஆனால் கல் பிடித்துக்கொண்டது. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

“எப்பா!” என்றான் கொம்பையா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

ரயில் போகிற அளவு நேரம் காத்திருந்தார்கள். கூட்ஸ் வண்டியாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டார்கள். மூக்காண்டி கல்லை எடுத்தான், கூடவே ஓடி, தொற்றி ஏறினான்.

நாற்பதாவது கிலோமீட்டரில் அவனுக்குக் குமட்டியது. அவனுக்கு எந்த வண்டியும் ஒத்துக்கொள்ளாது. மறுபடியும் கல் வைத்து, டீ குடிக்க இறங்கினார்கள். பொட்டலின் ஓரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. சொள்ளமுத்துவுக்கு ஸ்ட்ராங்காக ஒன்று, மூக்காண்டிக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, கொம்பையாவுக்குப் பாதி டம்ளர் என்று தானாகவே போட்டு வைத்தார்.

கொம்பையா ஆச்சரியப்பட்டான். “நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆளுக்கு நம்ம ருசி எப்படித் தெரியும்?”

“தொழில் தெரிஞ்சவன்” என்றான் சொள்ளமுத்து. “இதே மாதிரி ஒரு கடை நம்ம ஊர்ல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.”

“நம்ம ஊர்க் கடையில டீயா போடுதான்? கழனித்தண்ணி” என்றான் மூக்காண்டி. கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த டம்ளரைக் கழுவினார்.

டீ குடித்ததில் பத்து நிமிடம் போய்விட்டது. கொம்பையாவுக்கு எமகண்டம் கண்ணில் தெரிந்தது. “கொஞ்சம் ஆக்சிலரேட்டரை அழுத்தட்டுமா?”

“அழுத்தாத!” சொள்ளமுத்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். “சும்மா ஓடுறதுக்குத்தான் நாப்பது. அழுத்தினா எங்க போய் நிக்கும்னு அண்ணாச்சி சொல்லலை. மதுரையைத் தாண்டிட்டோம்னா என்ன செய்வ?”

கொம்பையா காலை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டான்.

பதினொன்று ஐம்பதுக்கு, எண்பது கிலோமீட்டர் முடிந்தது. மூக்காண்டி குதித்துக் கல்லை வைத்தான். மூவரும் இறங்கிக் காலை நீட்டி மடக்கினார்கள். சுற்றிப் பார்த்தார்கள்.

“கோவில்பட்டி நம்ம ஊர் மாதிரியே இருக்கே” என்றான் கொம்பையா.

“எல்லா ஊரும் இப்ப ஒண்ணுபோல ஆயிட்டு. பேப்பர்லகூடப் போட்டிருந்தான்” என்றான் சொள்ளமுத்து.

“அந்தத் தண்ணித் தொட்டி ஒழுகுறதுகூட.”

“ஒரே காண்ட்ராக்டரா இருக்கும்.”

அப்போது மூக்காண்டி கூச்சல் போட்டான். காருக்கு அடியிலிருந்து ஒரு நாய் வெளியே வந்து சோம்பல் முறித்தது. கிட்டங்கி நாய்தான். காதில் அதே வெட்டு. “ஏல, இது நம்ம பின்னாலயே ஓடி வந்திருக்கு! எண்பது கிலோமீட்டர்! மூச்சு வாங்குதா பாரு, ஒண்ணுமே இல்லை!”

மூவரும் நாயின் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். பழத்தட்டிலிருந்து ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள். நாய் முகர்ந்துவிட்டு மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. “களைச்சிட்டு, பாவம்” என்றான் மூக்காண்டி.

தரகர் சொன்னபடியே போஸ்ட் ஆபீஸ் இருந்தது. அடுத்த வீடும் இருந்தது. கதவு நீலம். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொம்பையா கதவைத் தட்டினான்.

திறந்தவர் வைகுண்டம். பிரம்மசக்தியின் அப்பா. தட்டையும் பூவையும் பார்த்தார். “என்ன விஷயமா வந்திருக்கீங்க?”

“பொண்ணு பார்க்க.”

“உள்ளதான் இருக்கு. வாங்க.” நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். “எங்கிருந்து வாறீங்க?”

“செங்கிணத்துல இருந்து” என்றான் சொள்ளமுத்து.

“செங்கிணறா!” வைகுண்டத்தின் முகம் மலர்ந்தது. “நமக்கு அங்க சொந்தக்காரங்க நிறைய உண்டே. அம்புட்டு தூரத்துல இருந்தா வாறீங்க?”

“ரெண்டு மணி நேரம். ரோடு நல்லா இருக்கு.”

“அங்க வைகுண்டம்னு ஒருத்தர் உண்டே, தெரியுமா?”

“தெரியாம என்ன” என்றான் மூக்காண்டி. “நல்ல மனுஷன். கொஞ்சம் கஞ்சன்.”

வைகுண்டம் தலையை ஆட்டினார். “அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன்” என்று சொல்லி, உள்ளே பார்த்து, “ஏட்டி, நாலு காபி. செங்கிணத்துல இருந்து வந்திருக்காங்க” என்று குரல் கொடுத்தார்.

பிரம்மசக்தி காபியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றியிருந்தாள். மூவரையும் பார்த்தாள். வெளியே பொட்டலில் உறுமிக்கொண்டிருந்த காரையும் டயருக்கு அடியில் இருந்த கல்லையும் பார்த்தாள். நான்கு நாட்களாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் கடிதங்களுக்கு முத்திரை குத்தினாள். காபியைக் கொடுத்தாள்.

கொம்பையா அவளையே பார்த்தான். இப்படி ஒரு ஒற்றுமையை அவன் பார்த்ததே இல்லை. அதே நெற்றி. அதே, ஒரு பக்கம் மட்டும் தூக்கின புருவம்.

“என்ன அப்படிப் பார்க்கிறீங்க?” என்றாள் அவள்.

“உங்களை மாதிரியே எங்க ஊர்ல ஒருத்தங்க இருக்காங்க.”

“அப்படியா? யாரு?”

“போஸ்ட் ஆபீஸ்ல.”

“ஆளு எப்படி?”

கொம்பையா எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தான். இங்கே சொல்வது அங்கே கேட்காது. அந்தத் தைரியத்தில் அவனுக்கு வாய் திறந்தது. “நல்ல ஆளு. முத்திரை குத்தும்போது நாக்கை லேசாக் கடிச்சுக்கிடுவாங்க. சில்லறை கொடுக்கும்போது எண்ணாம கொடுப்பாங்க, ஆனா சரியா இருக்கும். நான் தினம் ஒரு கார்டு வாங்குவேன்.”

“எழுதவா?”

“இல்லை. வாங்க.”

பிரம்மசக்தி தலையில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள். அதற்குச் சற்று நேரம் பிடித்தது.

“அப்ப அவங்களையே கேட்டிருக்கலாமே? இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?”

“அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா, மறுநாள்ல இருந்து கார்டு வாங்கப் போக முடியாது” என்றான் கொம்பையா. “இங்க வேண்டாம்னு சொன்னா, ஊருக்குப் போயிருவேன். அவ்வளவுதான்.”

யாரும் பேசவில்லை. சொள்ளமுத்து காபியை ஆற்றினான். கொம்பையா மட்டும் தன் காபியைத் தொடவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கும் என்பது அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது.

“எனக்குச் சம்மதம்” என்றாள் பிரம்மசக்தி. “ஆனா நான் இந்த ஊரை விட்டு வரமாட்டேன். எனக்கு இங்க வேலை இருக்கு.”

கொம்பையா கலங்கிப்போய் சொள்ளமுத்துவைப் பார்த்தான். “எனக்கு அங்க தேங்காய் இருக்கே.”

“இதுல என்னடே இருக்கு? ரெண்டு மணி நேரம். காலையில கார்ல உட்கார்ந்தா வந்திரலாம், சாயங்காலம் உட்கார்ந்தா போயிரலாம்” என்றான் சொள்ளமுத்து.

“அலைச்சல் இல்லாத பயணம்” என்று வைகுண்டமும் ஒத்துக்கொண்டார்.

தட்டு மாற்றிக்கொண்டார்கள். எமகண்டம் பிறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கிளம்பும்போது கொம்பையா வாசலில் தயங்கி நின்றான்.

“ஒரு சங்கடம்” என்றான் அவளிடம். “ஊருக்குப் போனா அந்த போஸ்ட் ஆபீஸ் ஆளுகிட்ட இதை எப்படிச் சொல்ல?”

“நான் சொல்லிக்கிடுதேன்.”

“அவங்களைத் தெரியுமா?”

“பழக்கம்தான்” என்றாள் பிரம்மசக்தி.

பொட்டலில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மூக்காண்டி கல்லை எடுக்கக் குனிந்தபோது சொள்ளமுத்து தடுத்தான். “எடுக்காத. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்குது?”

“கோவில்பட்டிப் பக்கம்.”

“கோவில்பட்டிக்குத்தான் வந்தாச்சே. இப்படியே உட்கார்ந்தா இன்னும் வடக்கதான் போவும். திருப்பணும்.”

“நாலு நாளும் அதுவாத்தானே திரும்பி வந்துச்சு?”

“அப்ப ஆள் இல்லை. மாடு வீட்டுக்கு வந்து சேரலையா, அது மாதிரி. ஆள் உட்கார்ந்திருந்தா நம்ம வேலைன்னு அது விட்டுரும்.”

ஓட்டித் திருப்பினால் மீட்டர் கூடும். அதனால் என்ஜின் ஓட ஓட, மூவரும் வைகுண்டமும் டீக்கடைக்காரரும் சேர்ந்து, பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்தி, அரை மணி நேரத்தில் காரைத் தெற்கே பார்க்க வைத்தார்கள். நாய் எழுந்து, கார் நின்ற புது இடத்துக்கு அடியில் போய்ப் படுத்தது.

பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்பிப் பத்துக் கிலோமீட்டர் வந்திருப்பார்கள், போன் அடித்தது. தரகர் குத்தாலிங்கம்.

“எங்கய்யா இருக்கீங்க? எமகண்டமே பாதி முடிஞ்சுபோச்சு!”

“பார்த்துப் பேசி முடிச்சு, திரும்பிக்கிட்டிருக்கோம்” என்றான் கொம்பையா.

“யாரைப் பார்த்தீங்க? நான் காலையில இருந்து பொண்ணு வீட்டு வாசல்லதான நிக்கேன்?”

“நாங்களும் அங்கதான் நின்னோம். நீங்கதான் இல்லை.”

“இங்க பொண்ணு, நீங்க வரலைன்னு தெரிஞ்சதும் மேல படிக்கப் போறேன்னு சொல்லிட்டு, சந்தோஷமா இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்கு” என்றார் தரகர். “நீங்க எந்த வீட்டுக்குப் போனீங்க?”

“போஸ்ட் ஆபீஸுக்கு அடுத்த வீடு. நீலக் கதவு.”

“நான் நிக்கிறதும் நீலக் கதவுதான்!”

கொம்பையா போனைக் கையால் மூடிக்கொண்டு, சொள்ளமுத்துவைப் பார்த்தான். சொள்ளமுத்து வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான். “வழி தப்பிட்டாரு. வயசாயிட்டுல்ல. பார்த்து வரச் சொல்லு.”

“பார்த்து வாங்க” என்று சொல்லிக் கொம்பையா போனை வைத்தான்.

மூக்காண்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். சொள்ளமுத்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பையா கண்ணாடியில் நீலக் கதவைப் பார்த்தபடி ஓட்டினான். ஒவ்வொரு நிமிடமும் அது தூரமாகிக்கொண்டிருந்தது. இருந்தும் அளவு குறையாமல் தெரிந்தது. நல்ல கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் நீலக் கதவு திறந்தது. பிரம்மசக்தி பால் வாங்குகிற தூக்குச்சட்டியோடு வெளியே வந்தாள். பொட்டலைக் கடந்து டீக்கடைப் பக்கம் போகிறவள், காருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, வெளியே மாட்டிக்கொண்டு தொங்கிய கொம்பையாவின் வேட்டி நுனியைத் தூசி தட்டி, அவன் மடியில் எடுத்து வைத்துவிட்டு, கதவை அழுத்திச் சாத்தினாள். பிறகு பால் வாங்கப் போனாள். கொம்பையா ஹாரன் அடித்து, அடுத்த வளைவில் திரும்பினான்.